மீட்பா, இழப்பா?

சித்திரை மாதத்து நண்பகலில் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி, களனி கங்கையைக் கடந்து, ஹெந்தளைச் சந்தியில் இறங்கும் எவரும் ஒரு மாற்றத்தை உணர்வர். நகரத்தின் தார் வீதிகளும் சீமேந்துச் சுவர்களும் உமிழும் அனல் அங்கே சற்றுத் தணிகின்றது. மேற்கே கடல், தெற்கே களனி கங்கை, வடக்கே முத்துராஜவெலச் சதுப்பு நிலம், அதற்கும் அப்பால் நீர்கொழும்புக் களப்பு. நீர் சூழ்ந்த அந்த ஊரின் காற்றுக்கும் மழைக்கும் அந்நீரே பாதி எசமானன்.

அண்மையில் அப்பகுதி மக்களோடு அளவளாவிக்கொண்டிருந்தபோது முதியவர் ஒருவர் நம்மை நோக்கி, "தம்பி, முந்தியெல்லாம் பின்னேரமானால் வீட்டுக்குள்ளே காத்து வரும். இப்ப மழை பெய்தால் வெள்ளம்தான் வருது" என்றார். சட்டப் புத்தகங்களைப் புரட்டிப் பழகிய நமக்கு அந்த முறைப்பாட்டை எந்த நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதென்று தோன்றவில்லை. ஆயினும் அது நியாயமான முறைப்பாடு என்பதில் ஐயமில்லை.

அரசியல் ஏட்டில் வானிலைக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். மக்களின் பொதுவுடைமையான ஒன்றைச் சிலர் தமதாக்கிக்கொள்ளும்போது அதுவே அரசியல் என்பது நம் விடை.

பெரிய நீர்நிலையின் அருகே வாழ்வோரின் வானிலை மாறுபடுவதேன்? ஒரே நிறையுள்ள நீரையும் உலர்ந்த மணலையும் ஒரே அளவு சூடேற்ற வேண்டுமானால், நீருக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு வெப்பம் தேவை. ஆகவே நீர் மெல்லச் சூடேறி மெல்லவே ஆறுகின்றது. பகலில் தரை கொதிக்க, அதன்மேலுள்ள காற்று இலேசாகி எழ, அவ்விடத்தை நிரப்ப நீர்ப்பரப்பிலிருந்து குளிர்ந்த காற்று வருகின்றது. இரவில் இது தலைகீழாகின்றது. மேலும், ஒரு லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட வெப்பம் அதனை ஆவியாக்கத் தேவைப்படும். சதுப்பு நிலத்து நீரும் புல்லும் புதரும் நாள்தோறும் இவ்வேலையைச் செய்து, சுற்றுப்புறத்து வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கின்றன.

உண்மையை ஒளிக்காமல் கூறுவோம். ஹெந்தளையின் பிற்பகற் காற்றைத் தருவதில் முதலிடம் கடலுக்கே உரியது. நீர்கொழும்புக் களப்பு ஏறத்தாழ 3,200 ஹெக்டேயர் பரந்ததாயினும், சராசரியாக ஓர் ஆள் உயர ஆழமும் இல்லாதது. பேரேரிகளைப் போல் மாதக்கணக்கில் வெப்பத்தைச் சேமித்து வைக்கவல்லதன்று. கடலிலிருந்து வரும் காற்று உள்ளே செல்லச்செல்ல மறுபடியும் சூடேறாதவாறு காப்பதும், பெய்த மழையைத் தாங்கிக்கொள்வதுமே களப்பும் சதுப்பும் செய்யும் தொண்டு. அதற்கு ஒரு விலையுமுண்டு. காற்றில் ஈரம் மிகுவதால் வியர்வை உலர்வதில்லை. இரவிலும் புழுக்கம் நீங்குவதில்லை. கொசுத் தொல்லையைச் சொல்லவே வேண்டியதில்லை. பங்குனி, சித்திரையில் பிற்பகல் இடிமழை கொட்டுவதற்கும் கடற்காற்று உள்நாட்டு வெங்காற்றைச் சந்திப்பது ஒரு காரணம்.

உலகெங்கும் இவ்விதியே ஆளுகின்றது. கனடாவின் டொரன்டோவில் குடியேறிய நம்மவரைக் கேளுங்கள். இளவேனிற் காலத்தில் ஒன்ராறியோ ஏரிக்கரை உள்நகரத்தைவிடக் குளிர்ந்திருப்பதை அவர்கள் கூறுவர். ஈரி ஏரியின் வெதுவெதுப்பான நீர்மேல் குளிர்காற்று வீசுவதால், அமெரிக்காவின் பபலோ நகர்ப் பகுதி 2014 நவம்பரிலும் 2022 நவம்பரிலும் ஆளுயரப் பனியில் புதையுண்டது. ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரியில் இரவுதோறும் கரைக்காற்றுகள் ஏரி நடுவில் சந்தித்து இடிப்புயலாகி, மீனவரின் உயிரைக் குடிக்கின்றன.

நீர்நிலை அழிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்றுண்டு. மத்திய ஆசியாவின் ஆரல் கடல் ஒருகாலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரி. பருத்தி பயிரிடுவதற்காக 1960ஆம் ஆண்டு முதல் சோவியத் ஆட்சியாளர் அதற்கு நீரூட்டிய இரு நதிகளையும் திருப்பினர். ஏரி வற்றியது. கரையோர மக்களின் கோடை மேலும் கொடிதாயிற்று. குளிர்காலம் மேலும் கடுமையாயிற்று. வறண்ட அடித்தளத்திலிருந்து உப்புப் புழுதி எழுந்து வயல்களையும் மக்களின் மூச்சையும் கெடுத்தது. தமிழகத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் கட்டடமும் குப்பைமேடும் விழுங்கிய பின்னரே, 2015 டிசம்பரில் தென்சென்னை வெள்ளத்தில் மிதந்தது. இவை நமக்குப் பாடமாக வேண்டாமா?

முத்துராஜவெல என்ற பெயரில் உள்ள 'வெல' என்பது வயலைக் குறிக்கும் சிங்களச் சொல். கோட்டை அரசர் காலத்தில் அங்கே நெல் விளைந்ததென்றும், அந்நியர் வெட்டிய கால்வாய்களின் வழியே உப்புநீர் புகுந்து வயல் கெட்டதென்றும் கூறுவர். 1802இல் தொடங்கி 1804இல் முடிக்கப்பட்ட ஹமில்டன் கால்வாய் இன்றும் ஹெந்தளை வழியாகவே ஓடுகின்றது. அந்நியன் போனான், நம் நாட்டு ஆட்சியாளர் செய்ததென்ன? தெற்குப் பகுதியான கெரவலப்பிட்டியில் மணல் கொட்டி நிலமாக்கினர். அனல் மின்நிலையம் அமைத்தனர். 2013இல் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதையைச் சதுப்பின் ஊடே நடத்தினர். 2017 ஏப்பிரிலில் மீத்தொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, தலைநகரின் குப்பைக்கு மாற்றிடம் தேடியவர்களின் கண் முத்துராஜவெலமீது விழுந்தது. ஒல்லாந்தர் 1708இல் தொழுநோயாளரை நகருக்கு அப்பால் வைக்க ஹெந்தளையைத் தேர்ந்தனர். மூன்று நூற்றாண்டு கழிந்தும், நகரம் தனக்கு வேண்டாததை அனுப்பும் திசை மாறவில்லை.

இச்சதுப்பு ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் கனமீற்றர் வெள்ளத்தைத் தாங்கி, பத்து நாட்களுக்கு மேலாக மெல்லமெல்லக் கடலுக்கு விடவல்லது என ஆய்வாளர் கணித்துள்ளனர். 2003இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட ஆய்வு, இச்சதுப்பினால் விளையும் பயன் ஆண்டுக்கு 70 கோடி ரூபாவுக்கும் மேல் எனவும், அதில் பெரும்பங்கு வெள்ளத் தணிப்பே எனவும் காட்டிற்று. 2016 மே மாதத்திலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் களனி பெருகிக் கரையோர மக்கள் உடுத்த உடையோடு ஓடினர். அத்தகைய மழைக்கு முன் எந்தச் சதுப்பும் முழுக்காப்பு அளிக்காதுதான். ஆனால் தாங்கும் பாத்திரத்தை நாமே சிறிதாக்கிவிட்டு, மழையை மட்டும் பழிப்பது நேர்மையாகுமா?

சட்டம் என்ன சொல்கிறது? மேல்நிலத்திலிருந்து இயற்கையாக வடியும் நீரைக் கீழ்நிலம் ஏற்றல் வேண்டும் என்பது நம் நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய விதி. சதுப்பை மண்ணிட்டு உயர்த்துபவன் அந்நீரை அயலவன் முற்றத்துக்குத் திருப்புகிறான். எனினும் 1968ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் தாழ்நிலத்தை 'மீட்பது' பற்றியே பேசிற்று. யாரிடமிருந்து மீட்பது? தவளையிடமிருந்தும் கொக்கிடமிருந்துமா? 1996இல் வடபகுதி சரணாலயமாக்கப்பட்டது, நன்று. ஹெந்தளையை அடுத்த தென்பகுதிக்கு அக்காப்பு இல்லை. 1993ஆம் ஆண்டு வர்த்தமானி, பொதுவாக 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநில நிரப்பலையே சுற்றாடல் மதிப்பீட்டுக்குரிய பட்டியலில் சேர்த்தது. 4 ஹெக்டேயர் என்பது பத்துப் பேர்ச் காணிகளாக 158 துண்டுகள். துண்டு துண்டாக நிரப்பினால் ஒரு மதிப்பீடும் இன்றி முழுச் சதுப்பையும் மூடிவிடலாம் அன்றோ? இதுவே ஓட்டை, இதன் வழியேதான் ஹெந்தளையின் காற்று களவு போகின்றது.

நம்மவரும் இதில் குற்றமற்றவரல்லர். வெள்ளவத்தையில் காணி விலை எட்டாத தமிழ்க் குடும்பங்கள் ஹெந்தளையிலும் வத்தளையிலும் குடியேறியுள்ளன. தலைசாய்க்க இடம் தேடியவரை நாம் நோவோமல்லோம். சேற்றுக் காணியை மண்ணிட்டு மூடி, உறுதியெழுதி, முதல் மழையோடு மறைந்துவிடும் தரகரையே நோகின்றோம். முழங்காலளவு நீரில் நிற்கும்போது சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்ற பேதம் அங்கில்லை.

ஆகவே நாம் கோருவன மூன்று. முதலாவது, தென்பகுதியில் எஞ்சியுள்ள சதுப்பு முழுவதற்கும் சட்டக் காப்பு வேண்டும். இரண்டாவது, நிரப்பலைத் தனித்தனிக் காணியாக அன்றி, முன்னர் நிரப்பப்பட்டவற்றோடு கூட்டிக் கணக்கிட்டே அனுமதி ஆராயப்படல் வேண்டும். மூன்றாவது, தேசிய சுற்றாடல் சட்டப்படி மதிப்பீட்டு அறிக்கை பற்றிய அறிவித்தல் தமிழிலும் வெளிவர வேண்டும். மக்கள் கருத்துரைக்க முப்பது நாள் உண்டு. அறிவித்தலோடு அறிக்கையும் தமிழில் கிடைத்தல் வேண்டும்.

2021இல் முத்துராஜவெலவை நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழ்க் கொண்டுவர முற்பட்டபோது மீனவர் எழுந்தனர். கொழும்புப் பேராயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அப்போது நம் குரல் எங்கே இருந்தது? ஹெந்தளைவாழ் தமிழ் மக்களே, அடுத்த அறிவித்தல் வரும்வரை காத்திராதீர். உங்கள் ஒழுங்கையில் எந்தக் காணி எந்த ஆண்டில் நிரப்பப்பட்டது, அதன்பின் எந்த வீட்டில் எத்தனை அடி வெள்ளம் ஏறியது என்று இன்றே எழுதி வையுங்கள். நீதிமன்றம் கேட்பது கண்ணீரையன்று, சாட்சியத்தை.