ஸனது இழந்த கதைகள்

சித்தி ஜுனைதா பேகம் அவர்களின் 'காதலா? கடமையா?' 1938இல் வெளிவந்ததையும், மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையர் அதனைப் பாராட்டி எழுதியதையும் சொல்லிக் கைதட்டல் வாங்காத சொற்பொழிவாளர் நம்மவருள் குறைவு. ஆயின், மேடையை விட்டு இறங்கும் அவரை நிறுத்தி, "அம்மையார் இதழ்களில் எழுதிய சிறுகதைகளுள் ஒன்றன் பெயரையும், அது வந்த திங்களையும் கூறுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். 'தாருல் இஸ்லாம்' என்று ஓர் இதழின் பெயர் வரும். அதற்குமேல் ஒன்றும் வராது.

அம்மையார் ஏதோ பழங்காலத்துப் புலவரல்லர். 1917இல் நாகூரில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டும் பேனாவை விடாதவர். 1998 வரை நம்மிடையே வாழ்ந்தவர். அவருடைய கதையொன்றை நம் தொண்டாமுத்தூர் மாணவி படிக்க விரும்பினால் நாம் எங்கே அனுப்புவது? ஊர் நூலகத்தில் இல்லை. உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் பாடநூல்களும் தேர்வு வழிகாட்டிகளுமே கிடைக்கின்றன. சென்னைக்கு இரயிலேறு என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது.

அங்கேனும் பழைய தமிழ் ஏடுகள் இருக்கின்றனவே, அது யாரால்? கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா என்னும் தனி மனிதர் பழைய புத்தகங்களையும் இதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அச்சேகரமே ஆராய்ச்சி நூலகமாயிற்று. நம் செல்வந்தருள் அப்படி ஒருவர் உண்டா? மணமண்டபம் கட்டினோம். மாநாடு கூட்டினோம். மாநாட்டு மலரையும் மறுவாரமே எடைக்குப் போட்டோம்.

"கதைதானே! அதற்கா இத்தனை ஆரவாரம்?" என்பார் உளர். கிதாபு ஓதியவர்களே அப்படிச் சொல்லும்போதுதான் நமக்கு வருத்தம் மிகுகிறது. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதின் புத்தக வணிகர் இப்னு நதீம் தம் 'ஃபிஹ்ரிஸ்த்' நூலில் கதைகளுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார். ஆயிரம் கதைகள் என்னும் பாரசீக நூலைச் சுவையற்றதென்று கடிந்தார், கடிந்தும் பதிந்தார். பிடிக்காத நூலுக்கும் அவர் செய்த அந்நீதியை, பிடித்த நூலுக்குக்கூட நாம் செய்வதில்லை.

ஜாபிர் (ரலி) அவர்கள் ஒரே ஒரு நபிமொழியை நேரில் கேட்பதற்காக ஒட்டகம் வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து ஷாம் தேசம் சென்றார்கள். நபிமொழியும் கதையும் ஒன்றல்ல என்பதை நமக்கு எவரும் ஓதித்தர வேண்டியதில்லை. யார் சொன்னார், யாரிடம் கேட்டார் என்று ஸனதைத் துருவும் பழக்கத்தை உலகுக்குக் கற்பித்த சமுதாயம், தன் எழுத்தாளரின் கதை எவ்விதழில் எப்போது வந்தது என்று அறியாதிருப்பது தகுமா என்பதே நம் வினா.

1948இல் மறைந்த புதுமைப்பித்தனுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதி வாய்த்தார். தொகுப்புகளில் சேராத எழுத்துகள் 1998இல் 'அன்னை இட்ட தீ' ஆயின. 2000இல் கதைகள் அனைத்தும் காலவரிசையில், வந்த இதழின் பெயரோடு அச்சாயின. அதே உழைப்பை நம் கல்லூரித் தமிழ்த்துறைகள் அம்மையாருக்குச் செய்யத் தடை யாது? சீறாப்புராணத்துக்கு ஆய்வேடுகள் பல உள, வேண்டியவையே. அவற்றுள் ஒன்றையேனும் இதழ்க்கதைகளின் பக்கம் திருப்பினால் சீறா குறைந்துபோகாது.

நம் வீட்டுப் பரண்களில் மௌலூது கிதாபு பட்டுத்துணியில் பத்திரமாயிருக்கிறது. அதனருகே கிடந்த திங்களிதழ்க் கட்டுத்தான் பழைய பேப்பர்க்காரரின் தராசில் ஏறுகிறது. இனி ஏற்றுமுன் சற்றே பிரித்துப் பாருங்கள். நாகூர், காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளிலும், பினாங்கிலும் கொழும்பிலும் வாழும் உறவினர் பெட்டிகளிலும் தேடச் சொல்லுங்கள். கைப்பேசியில் படமெடுக்கும்போது கதையை மட்டும் எடுக்காமல் அட்டை, மாதம், ஆண்டு, பக்க எண் யாவும் தெரிய எடுக்கவேண்டும். கறையான் அரித்து முதற்பக்கம் போயிருந்தாலும் ஒதுக்கவேண்டாம். அடுத்த வீட்டுப் பிரதியில் அந்தப் பக்கம் இருக்கக்கூடும்.