எண் ஒன்று, அளவு வேறு

ஒரு பிகா நிலம் என்றால் எவ்வளவு? வங்காளத்தில் ஒரு பதில் கிடைக்கும். ராஜஸ்தானில் அதைவிடப் பெரிதாக இன்னொன்று. இத்தகைய குழப்பங்களை ஒழிக்க 1956-இல் எடை, அளவுச் சட்டம் வந்தது. பிகா இன்னும் சாகவில்லை. கம்ப்யூட்டர் விளையாட்டு உலகில் அதற்கு ஒரு தம்பியும் இருக்கிறான். பெயர், சென்சிட்டிவிட்டி.

துப்பாக்கி ஏந்தியவனின் கண் வழியாகவே களத்தைக் காட்டும் விளையாட்டுகளில், மவுஸை நகர்த்தினால் பார்வை திரும்பும். எவ்வளவு திரும்பும் என்பதைச் சொல்லும் எண்தான் சென்சிட்டிவிட்டி. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் 2 வைத்துப் பழகிய இளைஞர் வாலரன்டுக்கு மாறி அங்கும் 2 என்றே வைத்தால், மவுஸை லேசாகத் தொட்டதும் எதிரியைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பல மாதங்கள் பழகிய கை தன்னைக் கைவிட்டுவிட்டதாக நினைப்பார். கையில் கோளாறு இல்லை. அளவுகோல் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். 800 டி.பி.ஐ. மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் 800 துடிப்புகளை அனுப்பும். சென்சிட்டிவிட்டி 1 என்றால், ஒரு துடிப்புக்கு கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 0.022 டிகிரி திரும்புகிறது. வாலரன்ட் 0.07 டிகிரி, ஓவர்வாட்ச் 0.0066 டிகிரி. இதில் 0.022 என்பது 1996-இல் வந்த குவேக் விட்டுச்சென்ற சொத்து. குவேக் எஞ்சினிலிருந்து 1998-இல் ஹாஃப்-லைஃப் பிறந்தது, அதிலிருந்து கவுன்ட்டர்-ஸ்ட்ரைக். மற்றவர்கள் தங்கள் சௌகரியத்துக்கு ஓர் எண்ணை வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே கணக்கு சுலபம். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் எண்ணை 3.18-ஆல் வகுத்தால் வாலரன்ட் எண், 3.33-ஆல் பெருக்கினால் ஓவர்வாட்ச் எண். அங்கே 2 என்பது இங்கே 0.63, அங்கே 6.67.

இந்த வாய்ப்பாடு இல்லாமலும் சமாளிக்கலாம். பள்ளிக்கூட அடிஸ்கேல் போதும். விளையாட்டில் சுவரில் ஒரு புள்ளியைக் குறிவைத்து நில்லுங்கள். ஒரு முழுச் சுற்றுச் சுற்றி அதே புள்ளிக்குத் திரும்ப மவுஸ் எத்தனை சென்டிமீட்டர் நகர்ந்தது என்று அளவெடுங்கள். மேலே சொன்ன இளைஞருக்கு 800 டி.பி.ஐ.யில் அது சுமார் 26 செ.மீ. புதிய விளையாட்டிலும் 26 செ.மீ. வரும்வரை எண்ணைத் திருகினால் போதும். அதற்கு முன் விண்டோஸில் ‘என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்’ என்ற வசதியை அணைத்துவிடுங்கள். வேகமாக நகர்த்தினால் அதிக தூரம் என்று அது கணக்கைக் கெடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. திரையில் தெரியும் காட்சியின் அகலம் விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். சுற்றும் தூரம் ஒன்றாகவே இருந்தாலும் உணர்வு கொஞ்சம் வேறுபடலாம். தொலைநோக்கி வைத்த துப்பாக்கியில் இது நன்றாகவே தெரியும். சுற்றும் தூரம், திரையில் குறி நகரும் வேகம் இரண்டையும் அங்கே ஒருசேரப் பொருத்த முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதெல்லாம் பொழுதுபோகாத பிள்ளைகளின் கவலை என்று ஒதுக்க முடியாது. பல விளையாட்டுகள் இடம்பெறும் போட்டிகளில் இ-ஸ்போர்ட்ஸையும் சேர்த்து 2022 டிசம்பரில் மத்திய அரசே அங்கீகரித்தது. கிரிக்கெட் பிட்ச் சென்னையிலும் கொல்கத்தாவிலும் 22 கஜம்தான். இங்கே மட்டும் ஏன் ஆளுக்கொரு கோல்? மவுஸின் டி.பி.ஐ. விளையாட்டுக்குத் தெரியாது என்பார்கள். ஆட்டக்காரரிடம் கேட்டு, ஒரு கட்டத்தில் நிரப்பச் சொன்னால் தெரிந்துவிடும். குறிபார்க்கப் பயிற்சி தரும் சில மென்பொருள்கள் ஏற்கெனவே சென்டிமீட்டரில் கணக்குச் சொல்கின்றன. மற்றவர்களும் சொல்லலாம். அதுவரை ஆட்டக்காரர்கள் சென்சிட்டிவிட்டி எண்ணை மறந்துவிட்டு, அந்த 26 செ.மீ.யை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.