சோறு கொடுத்தோம், துணை கொடுக்கவில்லை

அம்மம்மாவின் திவசம், பேரனின் பிறந்தநாள், கனடாவிலிருந்து வந்த மகளின் நேர்த்தி. எது வந்தாலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாங்கள் செய்வது ஒன்றுதான். ஏதாவதோர் இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்து, விசேட தேவையுடைய பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டுக்குக் காசு கட்டுவோம். அவர்கள் வரிசையாக இருந்து சாப்பிடும் படம் அன்று பின்னேரமே வாட்ஸ்அப்பில் லண்டனுக்குப் போய்விடும். நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியிலேயே அப்படியொரு பிள்ளை வளர்வதும் எங்களுக்குத் தெரியும். அந்தக் கதவை நாங்கள் தட்டியதில்லை. தெரியாதமாதிரி இருப்பதுதான் மரியாதை என்று வைத்துக்கொண்டோம். அந்த வீட்டில் கலியாணம் பேசும் வயதில் ஒரு தங்கச்சியும் இருந்தால், இன்னும் கவனமாகத் தெரியாமல் இருந்தோம்.

கொழும்பு உதவியே இல்லாத ஊரல்ல. 1831இல் தொடங்கிய ஃபிரெண்ட்-இன்-நீட் சங்கம் 1985 முதல் ஜெய்ப்பூர் செயற்கைக் கால் பொருத்தி வருகிறது. மேரி சாப்மன் 1912இல் தொடக்கிய, காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்குமான பாடசாலை இரத்மலானையில் இருக்கிறது. வெள்ளவத்தையில் பஸ் ஏறினால் அதே காலி வீதிதான். ராகமையில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. கால் கிடைக்கும், எழுத்துக் கிடைக்கும், சிகிச்சை கிடைக்கும். குளிக்க வார்ப்பது, ஊட்டுவது, வகுப்புக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது, வங்கியில் கூட நின்று சைகையைப் பேச்சாக்குவது: இந்த அன்றாடத் துணைக்கு யார்?

அந்த வேலைக்கு நாங்கள் தாயை நியமித்தோம். சம்பளமில்லை, லீவில்லை, ஓய்வுபெறும் வயதுமில்லை. அவவுக்குப் பிறகு, கலியாணம் செய்யாத அக்கா. காசுள்ள வீடுகளில் ஏஜென்சி மூலம் மலையகத்துப் பிள்ளை ஒருத்தி. முதுகு பிடிக்காமல் ஆளைத் தூக்குவது எப்படி, வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குசினி மூலையில் பாய் கொடுத்துவிட்டு, "நல்ல பிள்ளை, வீட்டு ஆள் மாதிரி" என்றோம். அவளையும் சேர்த்துத்தான் நாங்கள் கைவிட்டோம்.

அரசாங்கக் கொடுப்பனவுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கச் சொன்னால், "எங்களுக்கு அந்தக் காசு தேவையில்லை" என்பது எங்கள் பதில். காசு தேவையில்லாமல் இருக்கலாம். பிள்ளையின் பெயர் ஒரு பதிவிலும் ஏறாமல் போவதைப் பற்றி யோசிக்கவில்லை. பெயரே இல்லாத பிள்ளைக்கு எந்தச் சமூக சேவை உத்தியோகத்தர் தேடி வருவார்?

விசேட தேவையுடையோரின் உரிமைகளுக்கான சட்டம் எப்போதோ வந்துவிட்டது. 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம். பிறகு 2006இல் பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள். அவை தாளோடு நிற்கக் கூடாதென்று 2009இல் உயர் நீதிமன்றம் போனவர் கலாநிதி அஜித் பெரேரா. இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின்மேல் மரம் விழுந்ததால் சக்கர நாற்காலிக்கு வந்தவர். 2011இல் நீதிமன்றத்திடமிருந்து கட்டளை பெற்றார். பஸ் பலகையில் தமிழ் பிழைத்தால் மனுப் போடுகிறவர்கள் நாங்கள், போடத்தான் வேண்டும். ஆனால் இந்த வழக்கின் பக்கம் எங்கள் சங்கங்கள் எதுவும் நின்றதாக நினைவில்லை. எங்கள் சொந்தத் தொடர்மாடிகளிலேயே லிஃப்டை அடைவதற்கு முன் படிகள் உண்டு. வெளிநாட்டுக் காசில் வாங்கும்போது கார் தரிப்பிடம் கேட்டோம், கிணறு கேட்டோம், ஜெனரேட்டர் கேட்டோம். சாய்தளம் கேட்கவில்லை. கோயில் மண்டபமும் கலியாண மண்டபமும் அப்படித்தான்.

கூட்டமாகச் சேர எங்களுக்குத் தெரியாததல்ல. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்கள் பலவற்றுக்கும் கொழும்பில் பழைய மாணவர் சங்கக் கிளை இருக்கிறது. மைதானத்துக்கும் மண்டபக் கூரைக்கும் இராப்போசனம் வைத்துப் பணம் சேர்க்கிறோம். பராமரிப்பாளர் சிலருக்குத் தமிழில் பயிற்சி, ஒழுங்கான சம்பளம், அவர்கள் முறைவைத்து வீடுகளுக்குப் போக அந்தத் தாய்மாருக்குக் கிழமையில் ஒரு நாள் நித்திரை. இதற்கென்று ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகமும் இதுவரை நாங்கள் அச்சடிக்கவில்லை.