யாரையும் நம்பாதீர்கள், ஓட்டும் போடாதீர்கள்!

'வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள்' என்று இந்த வாரமும் மேடைக்கு மேடை உபதேசம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. உபதேசிகள் ஒருமுறை மேற்கு வங்கத்தின் ஹவுரா வரை போய்வரட்டும்.

அங்கே கலவரம் என்றால் முதலில் நிற்பது இன்டர்நெட். 2022 ஜூனில் மாவட்டம் முழுக்க நிறுத்தினார்கள். 2023 ராமநவமிக்கு அங்குள்ள ஷிப்பூரில் கல்வீச்சு, தீவைப்பு நடந்தபோதும் அதே வைத்தியம். வதந்தி பரவிவிடுமாம். பரவும்தான். அதே மார்ச் மாதம் 'தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள்' என்ற போலி வீடியோக்கள் திருப்பூரைக் கலக்கியதைப் பார்த்தவர்கள்தானே நாம்.

ஆனால் 'எல்லாமே பொய்' என்று ஹவுராக்காரருக்குக் கற்றுக்கொடுத்தது செல்போனா? ஹவுரா மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2018 டிசம்பரில் முடிந்தது. தேர்தல் இதோ, அதோ என்றார்கள். மாநகராட்சியில் இருந்த பாலி பகுதியைத் தனி நகராட்சியாகப் பிரிக்கும் மசோதா குறுக்கே வந்தது. 2021 டிசம்பரில், 'மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தந்துவிட்டார்' என்று மாநிலத் தலைமை வழக்கறிஞரே கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் சொன்னார். 'இல்லை, இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது' என்று அப்போதைய ஆளுநர் ஜகதீப் தன்கர் ட்விட்டரில் மறுத்தார்.

ஒரு கையெழுத்து, ஐயா! போட்டாரா, போடவில்லையா? நீதிமன்றத்தில் சொன்னதே நிற்கவில்லை என்றால் ஜனங்கள் எங்கே போய் உண்மையைத் தேடுவார்கள்? அந்த மாதமே கொல்கத்தா ஓட்டுப் போட்டது. 2022 பிப்ரவரியில் சிலிகுரி, அசன்சோல், சந்தன்நகர், பிதான்நகர் போட்டன. ஹவுரா வேடிக்கை பார்த்தது.

2025 மார்ச்சில் ஹவுராவின் பெல்காச்சியா குப்பைமேட்டில் மண் சரிந்தது. குடிநீர்க் குழாய் உடைந்தது, வீடுகளில் விரிசல் விட்டது. 'தண்ணி வரலை' என்று போய்க் கதவைத் தட்ட ஒரு கவுன்சிலர் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் 'எவன் சொல்வதும் பொய், நமக்கென்ன' என்று ஒதுங்கினால் அது அவர் குற்றமா? பொய்யை நம்புகிறவராவது கோபத்தோடு ஓட்டுச்சாவடிக்கு வருவார். எதையும் நம்பாதவர் வீட்டுப்படியே இறங்க மாட்டார். ஆள்பவர்களுக்கு அவரைவிடத் தோதான குடிமகன் யார்?

நாம் சிரிக்க வேண்டாம். சிங்காரச் சென்னையில் 2016 முதல் 2022 வரை கவுன்சிலரே இல்லை. கடைசியில் தேர்தல் வந்தபோது 44 சதவீதம் பேர்கூட ஓட்டுப் போட வரவில்லை. ஐந்து வருடத்துக்கு மேல் சாப்பாடு போடாமல் வைத்துவிட்டு, இலை போட்டதும் பசிக்கவில்லையா என்று கேட்பது என்ன நியாயம்? அதோடு புத்தி வந்ததா? 2025 ஜனவரியில் தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. பொய்ச் செய்தியைத் தடுக்கக் கூட்டம் போடுகிறவர்கள் இதற்கு ஒரு கூட்டம் போட்டார்களா?

வாசகர்களே, உங்கள் வார்டுக்கு உறுப்பினர் இருக்கிறாரா, இருந்தால் பெயர் என்ன என்று இந்த வாரம் விசாரியுங்கள். இல்லையென்றால், தேர்தல் தேதி கேட்டு மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.