மலையிறங்கும் வண்டியும் மனையோர் நால்வரும்

மிதிவண்டி மீதேறி மலையுச்சியினின்று காட்டுவழியே கீழிறங்குவதை ஒரு விளையாட்டாகக் கொண்டு, தாய்தந்தையர் தம் மக்களோடு கூடி ஆடுதல் மேலைநாடுகளில் இக்காலத்துப் பெருவழக்காயிருக்கின்றது. இதனைக் கேட்டவுடனே நம்மவர் பலர், “ஈதென்ன விபரீதம்! பெற்ற பிள்ளைகளை வேண்டுமென்றே பள்ளத்தில் உருட்டுவாருமுண்டோ?” என்று முகஞ்சுளிப்பர். சென்ற கோடை விடுமுறை வரையில் யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். கனடா தேசத்து வான்கூவர் நகரில் வாழும் என் தமக்கையார் இல்லத்திற் சில வாரம் தங்க நேர்ந்தபோது, அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விசிலர் மலைக்கு அவர் குடும்பத்தாருடன் சென்றேன். சென்று கண்டபின் என் கருத்து மாறியது. உடலுக்கு உரம், உள்ளத்துக்குத் துணிவு என்று அவ்விளையாட்டைப் புகழ்வோர் கூறும் காரணங்களால் மாறியதன்று. அதற்குக் காரணம் வேறு.

இவ்விளையாட்டுத் தோன்றிய வரலாறு சுவையுடையது. அமெரிக்காவில், கலிபோர்னியாவைச் சார்ந்த மரின் மாவட்டத்து இளைஞர் சிலர், 1970-ஆம் ஆண்டுகளில், கழித்து விடப்பட்ட கனத்த பழைய சைக்கிள்களை லாரியிலேற்றி மலைமேற் கொண்டுபோய், மண்பாதை வழியே விரைந்திறங்கி மகிழ்ந்தனர். 1976-ஆம் ஆண்டில் அது பந்தயமாயிற்று. அவ்வண்டிகள் பலவற்றில் மிதியைப் பின்னோக்கி அழுத்தினாலன்றி பிரேக் பற்றாது; அந்த பிரேக் பின்சக்கரத்தின் குடத்தினுள்ளே அமைந்திருந்தது. மலையடிவாரஞ் சேருமுன் குடம் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகையாய்ப் போய்விடும். மறுமுறை இறங்க வேண்டுமாயின் குடத்தைப் பிரித்துப் புதிய கிரீஸை அடைத்தல் வேண்டும். ‘மீண்டும் அடைத்தல்’ என்று பொருள்படும் ‘ரீப்பேக்’ என்னும் பெயரே அப்பாதைக்கு நிலைத்துவிட்டது. வெண்டி கிராக் என்னும் பெண்மணியார் அவ்விளைஞரோடு தாமும் இறங்கியதுமன்றி, அக்காட்சிகளைப் புகைப்படங்களாகவும் எடுத்துவைத்தனர்.

நிற்க. 1999-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற விசிலர் மலைப் பூங்காவில் இன்று லாரி வேண்டுவதில்லை. பனிக்காலத்திற் சறுக்குவோரை மேலேற்றும் கம்பிவட நாற்காலிகளே கோடையில் வண்டியையும் ஆளையும் ஒருங்கே ஏற்றிவிடுகின்றன. இறங்கும் பாதைகளுக்கு வட்டமும் சதுரமும் வைரமுமாகிய குறிகள் உண்டு. பச்சை வட்டம் புதியோர்க்குரியது. நீலச் சதுரம் ஓரளவு பழகினோர்க்குரியது. கறுப்பு வைரம் தேர்ந்தோர்க்குரியது. இரட்டை வைரம் அவருள்ளும் தலைசிறந்தோர்க்குரியது. எழுத்தறியாச் சிறுவரும் தமக்குரிய பாதையை அறிந்துகொள்ளலாம். எழுத்தறிந்த தந்தையர் சிலர்தாம் அறியாதார்போல் நடிக்கின்றனர் என்பதையும் ஆண்டுக் கண்டேன்.

“உழைத்து ஏறாமல் நாற்காலியில் ஏறிச்சென்று இறங்குவதும் ஒரு விளையாட்டோ?” என வினவுவாருளர். யானும் வினவினேன். ஆயினும், குடும்பத்தைப் பொறுத்தமட்டில் அதுவே சிறப்பெனத் தோன்றுகின்றது. மலையேறும்போது வலியவர் முன்னே போவர். குழந்தை பின்னே அழுதுகொண்டு வரும். இறங்கும்போதோ உராய்வையும் காற்றின் எதிர்ப்பையும் ஒதுக்கிப் பார்ப்பின், எடை மிக்கார்க்கும் குறைந்தார்க்கும் பூமி ஒரே வேகத்தைத்தான் அளிக்கின்றது. தந்தையும் எட்டு வயது மகளும் ஒத்த விரைவிற் செல்லுதற்குரிய விளையாட்டுக்கள் உலகில் எத்தனை உள?

அபாயமும் அவ்விடத்தேதான் உளது. பெரியோர் பெறும் வேகத்தைப் பெறும் குழந்தைக்குப் பெரியோர் கைவலிமை இல்லை. பிரேக்கின் பிடி விரலுக்கெட்டாத் தொலைவிலிருப்பின், அக்குழந்தை பிடியைத் தேடுவதற்குள் வளைவு வந்துவிடும். ஒரு சிறு திருகாணியைத் திருப்பி அப்பிடியைக் கைக்கு அருகே கொணரலாம். பெற்றோர் பலர் வண்டியின் நிறத்தைத் தேர்வதிற் செலுத்தும் கவனத்தை இதிற் செலுத்துவதில்லை. முன்சக்கரத்தின் அதிர்ச்சி தாங்கியும் அத்தகையதே. பெரியவர் எடைக்கென அமைந்ததாயின் குழந்தையின் எடைக்கு அது சிறிதும் அமுங்காது. அதிர்ச்சி முழுதும் மணிக்கட்டை வந்தடையும். காற்றடைத்த தாங்கியாயின் காற்றைக் குறைத்தல் வேண்டும். முகத்தையும் மூடும் தலைக்கவசம், முழங்காற் காப்பு, முழங்கைக் காப்பு, கையுறை என்பவை இன்றி ஓரடியும் இறங்கலாகாது. இவையனைத்தும் இருந்தும் காறையெலும்பு முறிந்தோர் பலருளர். அபாயமில்லை என்று கூறுவார் கூற்றை யான் ஏற்கேன்.

இனி, என் மனத்தை வருத்திய செய்தியைக் கூறுவேன். முதல் நாள் அத்தானும் பதினொரு வயது மகனும் ஐந்தாறு முறை ஏறியிறங்கினர். தமக்கையாரும் எட்டு வயது மகளும் யானும் பைகளையும் உணவையும் காத்துக்கொண்டு அடிவாரத்து மரப்பலகையில் அமர்ந்திருந்தோம். சுற்றிலும் நோக்கினேன், எம்மைப் போன்ற தாய்மார் வேறு சிலரும் அவ்வண்ணமே இருந்தனர். “சித்தி, அண்ணன் ஏழு வயதிலேயே ஏறினானாமே, நான் ஏன் போகக்கூடாது?” என்றாள் அச்சிறுமி. நமது பிள்ளைத்தமிழ் நூல்கள் என் நினைவுக்கு வந்தன. ஆண்பாற் குழவிக்கு ஈற்றுப் பருவமாகச் சிறுதேர் உருட்டலை வகுத்த முன்னோர், பெண்பாற் குழவிக்கு ஊசலை வகுத்தனர். சக்கரம் அவனுக்கு; இருந்தவிடத்தே ஆடும் பலகை இவளுக்கு. இலக்கண மாணவர்க்கு இது ஒரு சூத்திரம். ஆனால் அம்மரப்பலகையில் அமர்ந்திருந்தபோது அதனைச் சூத்திரமென்று மட்டும் எண்ண என்னால் இயலவில்லை.

பெண்டிர்க்கு இஃது ஏலாதென்பது உண்மைக்கு மாறானது. பிரான்சு நாட்டு ஆன்-கரோலின் ஷோசோன் 1996 முதல் 2003 வரை ஆண்டுதோறும் மலையிறக்கப் பந்தயத்தில் உலக முதன்மை பெற்றார். பிரிட்டனைச் சேர்ந்த ரேச்சல் ஆதர்டன் என்பவரும் அவர் தமையனார் ஜீயும், 2008-ஆம் ஆண்டில் இத்தாலியின் வால் டி சோலில் ஒரே போட்டியில், முறையே பெண்கள் பிரிவிலும் ஆண்கள் பிரிவிலும் உலக முதன்மை எய்தினர். மூத்த தமையனார் டேனோ பாதை சமைப்பதில் வல்லவர். இவரினும் வேறு குடும்பத்தை எடுத்துக்காட்டுதல் வேண்டா. அவ்வம்மையார் 2021-ஆம் ஆண்டிற் பெண்மகவொன்றை ஈன்று, 2023-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் லென்சர்ஹைடேயில் நடந்த உலகக் கோப்பைச் சுற்றில் மீண்டும் முதலிடம் பெற்றார். பந்தயத்தில் வெல்லுமாறு யான் எத்தாயையும் வேண்டவில்லை; பலகையை விட்டெழுந்தாற் போதும் என்கிறேன்.

இரண்டாம் நாள் தமக்கையார் எழுந்தனர். தாயும் மகளும் ஒரே ஆசிரியரிடம் ஒரே வகுப்பிற் பாடங் கேட்டனர். இருக்கையைத் தாழ்த்துக, மிதிகளைச் சமனாக நிறுத்தி அவற்றின்மேல் எழுந்து நிற்க, கண் முன்சக்கரத்தை நோக்காது போகும் வழியை நோக்குக, பிரேக்கின்மீது ஒரு விரல் எப்பொழுதும் இருக்க, வளைவினுட் புகுமுன் வேகத்தைக் குறைக்க, புகுந்தபின் அழுத்தற்க. இவ்வளவே பாடம். அச்சங்கொண்டவர் உடலைப் பின்னே சாய்த்துப் பிடியை இறுக்குவது இயல்பு. அங்ஙனஞ் செய்தால் முன்சக்கரத்தின் மேற் பாரங் குறைந்து வழுக்கும் என்றார் ஆசிரியர். தமக்கையார் அவ்வியல்பின்படியே செய்து மூன்றாம் வளைவில் விழுந்தனர். யான் பாதிவழி வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டே இறங்கினேன் என்பதையும் மறைப்பானேன்?

என் கருத்தை மாற்றிய காரணம் இதுவே. நம் இல்லங்களிற் பெற்றோர் எல்லாம் அறிந்தவராகவே பிள்ளைகள் முன் தோன்றுகின்றனர். தாம் ஒன்றைக் கற்றுத் தடுமாறுவதை அவர்க்குக் காட்டுவதில்லை. வீட்டில் வாய்ப்பாடு ஒப்புவிக்கும்போது தாயின் முகத்தை அஞ்சி அஞ்சி நோக்கும் அச்சிறுமி, அன்று முன்னே சென்று வளைவின் கடையில் வண்டியை நிறுத்தித் திரும்பி நின்றாள். சகதி படிந்த முழங்கையோடு எழுந்த அன்னையை நோக்கி, “அம்மா, வளைவுக்கு முன்னாலேயே பிரேக் பிடிக்க வேண்டும், உள்ளே வந்தபிறகு விட்டுவிட வேண்டும்” என்றாள். அன்னை தலையசைத்து, “சரி, நீ முன்னே போ; நான் பார்த்து வருகிறேன்” என்றனர்.

அடிவாரஞ் சேர்ந்ததும் இருவரும் மறுபடியும் நாற்காலி வரிசையிற் போய் நின்றனர். மரப்பலகையில் அத்தான் பைகளைக் காத்துக்கொண்டிருந்தார்.