மாற்று ஆசிரியருக்கு எழுதும் குறிப்பு



என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இன்று ஜொகூரில் உள்ள தரவு மையம் ஒன்றில் பணியாற்றுகிறார். அண்மையில் அழைத்து, “ஐயா, வேலையிடத்தில் ஒரு கையேடு எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்ல முடியுமா?” என்று கேட்டார். கணினிக் கையேட்டில் தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று தயங்கினேன். “படிக்கப் போவது மனிதர் அல்ல, ஐயா. செயற்கை நுண்ணறிவு முகவர். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்” என்றார்.

பல வழங்கிகள் ஒன்றிணைந்து ஒரே பணியைச் செய்யும் அமைப்பை வழங்கிக் கொத்து என்கிறோம். எதில் நினைவகம் தீர்கிறது, எது பதில் தரவில்லை என்பதை அறியக் கண்காணிப்புக் கருவி வேண்டும். அவர்கள் பயன்படுத்துவது புரோமிதியஸ். 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கப்பெற்ற திறமூலக் கருவி அது. குறித்த இடைவெளியில் ஒவ்வொரு வழங்கியிடமும் சென்று எண்களைத் திரட்டி வரும். முன்பு அவ்வெண்களைப் பொறியாளர் பார்த்தார். இப்போது நள்ளிரவில் முகவர் பார்க்கிறது. பார்ப்பதோடு நில்லாமல் கட்டளையும் இடக்கூடியது அது.

அக்கருவியில் ‘அப்’ என்றோர் அளவை உண்டு. வழங்கியிடமிருந்து எண்கள் கிடைத்தால் 1, கிடைக்காவிட்டால் 0. மாணவர் தம் கையேட்டில், “0 என்றால் வழங்கி செயலிழந்துவிட்டது” என எழுதியிருந்தார். அவ்விடத்தில்தான் என் சிவப்பு மை முதலில் விழுந்தது. வருகைப் பதிவேட்டில் பெயர் அழைக்கும்போது ஒரு பிள்ளை பதில் சொல்லவில்லை என்றால் அவன் பள்ளிக்கே வரவில்லை என்று பொருளா? அலுவலகத்திற்குப் போயிருக்கலாம், கழிப்பறையில் இருக்கலாம். 0 என்பதும் ‘கேட்டேன், பதில் வரவில்லை’ என்பது மட்டுமே. வழங்கி நலமாக இருந்து, எண்களைத் தரும் சிறு நிரல் மட்டும் நின்றிருக்கலாம், பிணையம் அறுந்திருக்கலாம்.

“அதெல்லாம் முகவருக்கே தெரியும், ஐயா” என்றார் அவர். உண்மைதான். உலகறிந்த செய்திகளை அது நம்மைவிட நன்றாகவே படித்திருக்கும். அப்படியானால் அவற்றுக்கு மூன்று பக்கம் எதற்கு? அதற்குத் தெரிய வழியே இல்லாதது அந்த இடத்துச் செய்தி. பேச்சுவாக்கில் அவரே சொன்னார்: மூன்றாம் வரிசையிலுள்ள எட்டு வழங்கிகளும் ஒரே சுவிட்சில் இணைந்தவை; எட்டும் ஒருசேர 0 காட்டினால் பழுது சுவிட்சில்தான். இது எந்த நூலிலும் இல்லை. முன்பு பணியிலிருந்த மூத்தவர் ஒருவர் தேநீர் அருந்தும்போது சொன்னதாம். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். கையேட்டில் அது ஒரு வரிகூட இல்லை! முகவரோ, நள்ளிரவில் எட்டு வழங்கிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக மறுதொடக்கம் செய்து, அவற்றில் ஓடிக்கொண்டிருக்கும் பணிகளைக் குலைக்கும்.

ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. விடுப்பு எடுக்கும்போது மாற்று ஆசிரியருக்குக் குறிப்பு எழுதி வைக்கிறோம். பாடநூலை அவரே படித்துக்கொள்வார். எந்தப் பிள்ளைக்கு இழுப்பு வரும், எவனை எவன் பக்கத்தில் அமர்த்தக்கூடாது என்பதைத்தான் நாம் எழுதியாக வேண்டும். முகவர், எழுதி வைத்தாலன்றி நேற்றையது எதையும் நினைவில் கொள்ளாமல் நாள்தோறும் புதிதாக வருகின்ற மாற்று ஆசிரியர்.

எந்தக் கட்டளை பார்ப்பதற்கு, எது மாற்றுவதற்கு என்று பிரித்து எழுதவும் சொன்னேன். 2017 சனவரி 31ஆம் நாள் கிட்லேப் நிறுவனத்தில், களைத்திருந்த பொறியாளர் ஒருவர் துணை வழங்கியில் இருப்பதாக எண்ணி முதன்மை வழங்கியின் தரவை அழித்துவிட்டார். ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு மீளவில்லை. மனிதருக்கே நேர்ந்த பிழை இது. ‘அழிக்காதே’ என்று எழுதி வைப்பது மட்டும் பூட்டாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பதிவுக் கோப்பில் யாரோ எழுதிப்போட்ட ஒரு வரியைக்கூட முகவர் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும் இடருண்டு. முதலில் அதற்குப் பார்க்கும் உரிமையை மட்டும் கொடுங்கள் என்பதே என் கருத்து.

பெற்றோர் சிலர், “இயந்திரமே எழுதுகிறதே, இன்னும் எதற்குக் கட்டுரை?” என்று கேட்கிறார்கள். கையேட்டையும் முகவரையே எழுதச் சொல்லலாமே என்று அந்த மாணவரின் மேலாளரும் கேட்டாராம். மொழிநடையை அது திருத்தித் தரும். மூன்றாம் வரிசைச் சுவிட்சை யாரிடம் கேட்டு எழுதும்?

ஐந்தாம் ஆண்டு வகுப்பில், பள்ளி வாயிலிலிருந்து நூலகம் செல்லும் வழியை எழுதச் சொல்லி, எழுதியபடியே இன்னொரு பிள்ளையை நடக்கவிடுவேன். பலர் கழிப்பறையில் போய் நிற்பார்கள். ‘அதனால்தான் உங்களிடம்’ என்று அவர் சொன்னது அதை நினைத்துத்தான் என்பது பிறகே தெரிந்தது.

சென்ற வாரம் திருத்திய படி வந்தது. சுவிட்ச் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஐந்தாம் பக்கத்தில் ‘வெப்பம் வழக்கத்தைவிட மிகுந்தால்’ என்றொரு வரி. வழக்கம் எத்தனை பாகை என்று வட்டமிட்டு அனுப்பியிருக்கிறேன்.