63 பேரோடு முடியாத புயல்

புயல் கரையைக் கடந்த மறுநாள் காலையில் தமிழ்நாட்டில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: "நல்லவேளை, பெரிய அளவில் உயிர்ச்சேதம் இல்லை." அமைச்சர் சொல்வார், தொலைக்காட்சி சொல்லும், டீக்கடையில் நிற்பவரும் சொல்வார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. உண்மையான நிம்மதியோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த நிம்மதிக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அன்றைக்குச் செத்தவர்களின் எண்ணிக்கைதான் புயலின் அளவு, அது குறைவாக இருந்தால் புயலைச் சமாளித்துவிட்டோம் என்ற நம்பிக்கை. அது தவறு என்கிறேன். புயலில் பிழைத்தவர்களை அடுத்த பத்து ஆண்டுகளுக்கு மறந்துவிட நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய சாக்கு அது.

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பது புரியாமல் இல்லை. 1977 புயலின்போது ஆந்திராவின் திவிசீமையைக் கடல் ஏறி விழுங்கியபோது பத்தாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். 1999-ல் ஒடிசாவில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர். அதே ஒடிசாவில் 2013-ல் பைலின் புயல் வந்தபோது ஏறத்தாழ 10 லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். இறப்பு சில பத்துகளில் நின்றது. வானிலைத் துறையும் மாவட்ட நிர்வாகங்களும் சேர்ந்து செய்த பெரிய காரியம் அது. அதை ஒரு அணுவும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வெற்றி நம் கண்ணைக் கட்டிவிட்டது. உயிரைக் காப்பது முதல் வேலை. நாம் அதையே முழு வேலையாக்கிக்கொண்டோம்.

கஜா புயலை எடுத்துக்கொள்வோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. அதற்கு முன் எல்லாம் ஒழுங்காக நடந்தது. எச்சரிக்கை சரியான நேரத்தில் வந்தது. 80,000-க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க. ஸ்டாலினே அரசின் முன்னேற்பாட்டைப் பாராட்டினார். அன்று பகல் முழுக்க அந்தப் பாராட்டுகள்தான் ஓடின. அடுத்த சில நாட்களில் முகாம்களில் இருந்தவர்களின் எண்ணிக்கை என்ன ஆனது? காற்று ஓய்ந்தது, எண்ணிக்கை இறங்கியிருக்க வேண்டும். அது 2 லட்சத்தைத் தாண்டியது. புயலுக்குப் பயந்து முகாமுக்குப் போனவர்களைவிட, புயலுக்குப் பிறகு போக்கிடம் இல்லாமல் போனவர்கள் அதிகம். கூரை இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. டெல்டாவின் பல ஊர்களில் குடிநீர் ஆழ்குழாயிலிருந்து வருகிறது. மோட்டார் ஓடவில்லை என்றால் மேல்நிலைத் தொட்டி வெறும் சிமெண்ட். ஊர்க்காரர்கள் பணம் போட்டு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து, ஒரு தொட்டி ஏற்றிக் குடத்துக்கு இத்தனை என்று பங்கிட்டுக் குடித்த நாட்கள் அவை. புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் எரிக்கப்பட்டன. எரித்ததை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் "உயிர்ச்சேதம் குறைவு" என்று தலைநகரம் திருப்தியாக இருந்த அதே நேரத்தில் அந்த ஊர் கொதித்தது என்பதை மறைக்க முடியாது.

கஜா சாய்த்த தென்னைக்கு வருகிறேன். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னை ஒரு பொழுதுபோக்குப் பயிர் அல்ல. கடைமடையில் காவிரித் தண்ணீரை நம்பி நெல் போட்டுப் போட்டுத் தோற்றவர்கள், போர் போட்டுத் தென்னைக்கு மாறினார்கள். மாதா மாதம் கொஞ்சம் பணம், பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம், மகளுக்குக் கல்யாணம் எல்லாம் அந்தத் தோப்பின் வெட்டில்தான் நடந்தது. ஒரே ராத்திரியில் தோப்பு தோப்பாகச் சாய்ந்தது.

அரசு என்ன கொடுத்தது? மரத்துக்கு 600 ரூபாய், விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய். ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்குப் போட்டு 1,92,500 ரூபாய். கேட்பதற்குப் பெரிய தொகை. நன்றாகக் காய்க்கும் நெட்டை மரம் ஒன்று ஆண்டுக்கு நூறு காய் தரும். காய்க்குப் பத்து ரூபாய் என்று போட்டாலும் ஓராண்டுக்கு 1,000 ரூபாய். ஆக, இன்னும் முப்பது நாற்பது ஆண்டு காய்க்கவேண்டிய மரத்துக்குக் கொடுக்கப்பட்ட விலை அதன் ஏழு மாத வருமானம். இதுவும் மாநில அரசு இரங்கிக் கொடுத்தது. அப்போதிருந்த மத்திய விதிமுறைப்படி பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபாய்தான், அதுவும் 2 ஹெக்டேர் வரைக்கும்தான். 175 மரத்துக்கு வகுத்துப் பாருங்கள், மரத்துக்கு 103 ரூபாய் வரும். முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமி டெல்லிக்குப் போய் கேட்டது சுமார் 15,000 கோடி. தேசியப் பேரிடர் நிதியிலிருந்து ஆண்டுக் கடைசியில் ஒதுக்கப்பட்டது 1,146 கோடி.

பணத்தைவிடக் கொடியது காலம். புதிதாக நட்ட நெட்டைக் கன்று பாளை விட ஆறேழு ஆண்டு ஆகும். நிறைந்து காய்க்க அதற்கு மேலும் ஆகும். அதுவரை அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதற்கு எந்த நிவாரண ஆணையிலும் பதில் இல்லை. நிற்கிற மரங்களும் தப்பவில்லை. குருத்து திருகியவை, வேர் ஆட்டம் கண்டவை, பெயருக்கு நின்றுகொண்டு காய்ப்பை இழந்தவை எத்தனையோ. விழுந்த மரத்தை உடனே அகற்றாவிட்டால் மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, நட்ட கன்றின் குருத்தையே தின்னும். ஆயிரக்கணக்கான மரங்களை ஒரே நேரத்தில் அகற்ற ஆளுக்கும் அறுவை எந்திரத்துக்கும் எங்கே போவது? கேட்ட விலைக்குச் சூளைக்குத் தள்ளிவிட்டார்கள். புயலின் இரண்டாம் அடியும் மூன்றாம் அடியும் இப்படித்தான் விழுந்தன, தொலைக்காட்சி வண்டிகள் ஊரை விட்டுப் போன பிறகு.

இத்தனையும் தோப்பு வைத்திருந்தவர் கதை. மரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம். மரம் ஏறியவர், காய் உரித்தவர், கீற்று முடைந்த பெண்கள், கயிறு திரித்தவர்கள், குத்தகைக்குத் தோப்பு எடுத்தவர் ஆகியோருக்கு மரம் விழுந்ததும் வேலை விழுந்தது. பட்டா இல்லாதவர் இழப்பு இழப்பாகவே பதிவாகவில்லை. அவர்களில் பலர் திருப்பூருக்கு வண்டி ஏறினார்கள். குழுக்கடன் வாங்கியிருந்த பெண்கள் கூரையில்லாத வீட்டு வாசலில் வாரத் தவணைக்காரருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடனுக்காக ஆடு மேய்க்க அடகு வைக்கப்பட்ட ஒரு சிறுவன் மீட்கப்பட்ட செய்தியும் அந்தக் காலத்தில் வந்தது. அந்தப் பையனும் புயலால் பாதிக்கப்பட்டவன்தான். எந்தப் பட்டியலில் அவன் பெயர் இருக்கும்?

இனி அந்த எண்ணிக்கைக்கே வருவோம், ஏனென்றால் அதுவும் பொய்க் கணக்கு. கஜாவில் இறந்தவர்கள் என்று முதல்வர் பிரதமரிடம் கொடுத்தது 63. அவர்களில் ஒரு சிறுமி உண்டு. பட்டுக்கோட்டை அருகே அணைக்காட்டில், பூப்பெய்தியதால் வீட்டுக்கு வெளியே குடிசையில் தனியாகப் படுக்கவைக்கப்பட்டவள். தென்னை அந்தக் குடிசை மேல் விழுந்தது. பதிவேட்டில் அது மரம் விழுந்து நேர்ந்த மரணம். அந்த ராத்திரி அவளை வெளியே வைத்தது காற்று அல்ல. இப்படி எண்ணிக்கைக்குள் இருப்பவர்களையே அந்த எண் சரியாகச் சொல்வதில்லை. தோப்பு போன துக்கத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட விவசாயிகள் எந்தக் கணக்கு? 2017-ல் ஒக்கி புயல் அடித்தபோது உடல் கரை சேராத குமரி மீனவர்கள் மாதக்கணக்கில் "காணாமல் போனோர்" பட்டியலிலேயே தொங்கினார்கள். அந்த மனைவிமாருக்குத் தாலியும் கணக்கில் இல்லை, சாவும் கணக்கில் இல்லை.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் போர்ட்டோ ரிக்கோவைப் பாருங்கள். 2017 செப்டம்பர் 20-ல் மரியா என்ற சூறாவளி அந்தத் தீவைக் கிழித்துப் போட்டது. இரண்டு வாரம் கழித்து வந்த அமெரிக்க அதிபர் ட்ரம்ப், அப்போது சான்றளிக்கப்பட்டிருந்த 16 மரணங்களை 2005-ன் கத்ரீனா சூறாவளியோடு ஒப்பிட்டு, இது அத்தனை பெரிய பேரழிவு அல்ல என்ற பொருளில் பேசினார். நம் ஊர் வாக்கியம்தான், வேறு மொழியில். அதிகாரபூர்வ எண்ணிக்கை 64-க்கு வந்து மாதக்கணக்கில் அங்கேயே நின்றது. மின்சாரம் முழுமையாகத் திரும்ப ஏறத்தாழ ஓராண்டு ஆன தீவு அது. டயாலிசிஸ் எந்திரம் நின்றது, இன்சுலின் கெட்டது, ஆக்சிஜன் கருவி ஓடவில்லை, பாலம் உடைந்த மலைக்கிராமத்திலிருந்து நோயாளியை இறக்க முடியவில்லை. அவர்களின் இறப்புச் சான்றிதழில் சர்க்கரை, இதயநோய், முதுமை என்று எழுதப்பட்டது. மக்கள் 2018 ஜூனில் சான் வானில் சட்டமன்றக் கட்டடத்தின் முன் செத்துப்போன தங்கள் உறவினரின் செருப்புகளையும் சப்பாத்துகளையும் வரிசையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் ஆட்களை எண்ணுங்கள் என்பதுதான் அதன் பொருள். அரசே கேட்டுக்கொண்டதன்பேரில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆய்ந்து, ஆறு மாதத்தில் வழக்கத்துக்கு மேல் 2,975 பேர் இறந்ததாகச் சொன்னது. 64 ஒரே நாளில் 2,975 ஆனது. முதியவர்களும் ஏழை வட்டாரத்தவரும்தான் அதிகம்.

இன்னொரு ஆய்வு 2024-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. 1930 முதல் 2015 வரை அமெரிக்க நிலப்பகுதியைத் தாக்கிய 501 புயல்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பின் பதினைந்து ஆண்டுகள் வரை இறப்புப் பதிவுகளைத் துருவினார்கள். அரசுக் கணக்கில் ஒரு புயலுக்குச் சராசரி 24 மரணம். ஆய்வில் தெரிந்தது 7,000 முதல் 11,000. காரணங்களாக ஆய்வாளர்கள் கருதுபவை இவை: சேமிப்பு கரைந்த வீடு மருந்தைக் குறைக்கிறது, வேலை தேடி இளையவர் போனபின் கிழவர்கள் தனியாகிறார்கள், உள்ளூர் நிர்வாகத்தின் பணம் சாலைக்கும் பாலத்துக்கும் போய் சுகாதார நிலையம் நலிகிறது. புயல் அடித்தபோது கருவில்கூட இல்லாத சிசுக்கள் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். அமெரிக்க எண்ணை அப்படியே இங்கே பொருத்தச் சொல்லவில்லை. ஆனால் சேமிப்பு கரைவதும், இளையவர் ஊரை விட்டுப் போவதும், மருந்தை ஒத்திப்போடுவதும் பேராவூரணிக்குத் தெரியாத காரியங்களா?

"டெல்டாக்காரன் எழுந்துவிடுவான், எத்தனை புயல் பார்த்தவன்" என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. எழுந்தார்கள், உண்மைதான். நகையை விற்று, நிலத்தை அடகு வைத்து, பையனைப் படிப்பிலிருந்து நிறுத்தி எழுந்தார்கள். அதைப் புகழ்வதால் செலவு நம் தலையிலிருந்து அவர்கள் தலைக்கு மாறுகிறது, வேறொன்றும் இல்லை. 2011-ல் தானே புயல் வந்து கடலூரின் முந்திரியையும் பலாவையும் சாய்த்தபோதும் இதே புகழ்ச்சிதான் கிடைத்தது.

அரசிடம் அவ்வளவு பணம் இல்லை என்பது நியாயமான மறுப்பு. முழு இழப்பையும் எந்த அரசாலும் ஈடுகட்ட முடியாது. ஆனால் கன்று பாளை விடும்வரை ஆண்டுதோறும் ஒரு தொகை, நிலமில்லாத தோப்புத் தொழிலாளிக்கும் குத்தகைக்காரருக்கும் அதில் பங்கு, தவணை வசூலுக்கு ஓராண்டாவது சட்டப்படியான நிறுத்தம், மருந்தை நம்பி வாழ்வோரின் ஊர்வாரிப் பட்டியலும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு உடனடி மின்சாரமும் முடியாத காரியங்கள் அல்ல. இவற்றைக் கேட்கவே வாய் எழாமல் போவது, புயல் நவம்பர் 16-ஆம் தேதியே முடிந்துவிட்டது என்று நாம் நம்புவதால்தான்.

கணக்கைத் திறப்பதும் கடினமில்லை. கிராமங்களில் இறப்பைப் பதிவு செய்பவர் கிராம நிர்வாக அலுவலர். எந்த ஊரில் எந்த மாதம் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது கஜாவுக்கு முந்தைய ஆண்டுகளுக்கும் உண்டு, பிந்தைய ஆண்டுகளுக்கும் உண்டு. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஆகிய மாவட்டங்களின் அந்தப் பதிவேடுகளை ஊர்வாரியாக ஒப்பிட்டு, கொரோனா ஆண்டுகளுக்கு உரிய கழிவு போட்டு, முடிவை வெளியிட வேண்டும். இனி வரும் ஒவ்வொரு பெரும்புயலுக்கும் ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு முடிவில் மாவட்ட ஆட்சியர் சட்டமன்றத்தின் முன் இதே கணக்கை வைக்க வேண்டும். அதற்குப் புதிய துறை எதுவும் தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.